பயம் போக்கிய சட்டை

1

ஒரு புகைப்படத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது இந்தக் கதை. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விடுதியில், மனிதரும் விலங்கும் ஒன்றாக வாழ்வது எப்படி என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. ஆங்கிலப் பேச்சைத் தமிழாக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. ஆனாலும் உள்ளூர் மக்களுக்கும் இடம் கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுத ஓர் ஆள் வேண்டுமே.

திரையில் ஒரு படம் வந்தது. நாட்டுக்குரங்கு ஒன்று வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு பெண் கழியை ஓங்கிக்கொண்டு ஓடிவருகிறாள். பேசியவர் குரங்கைக் காட்டி, இவள் பெயர் மாயா, இந்தக் கூட்டத்தின் தலைவி என்றார். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். நான் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அன்று வீடு திரும்பும் பேருந்தில் இரண்டு முடிவு எடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைப்பது. குரங்கு ஆராய்ச்சி செய்கிற ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவது. பெயரை வைத்துவிட்டேன்: பூவாயி. கிழிப்பதுதான் நினைத்தபடி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் இனி வருவது.

2

முதல் தொடக்கம்:

'கல்பாக்கம் நகரியத்தில் வளர்ந்த சுஷ்மிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இயற்கை என்றால்—'

நிறுத்திவிட்டேன். சுஷ்மிதாவை நீங்கள் இரண்டாவது வரியிலேயே வெறுத்துவிடுவீர்கள். அப்பா விஞ்ஞானி, வீட்டைச் சுற்றி வேப்பமரம், கழுத்தில் தொலைநோக்கி. வெறுக்க வசதியான ஆள். வசதியானவர்களை அடிப்பதில் எனக்கு எந்த மனத்தடையும் கிடையாது. ஆனால் அப்படி எழுதினால் கதை எங்கே போய் நிற்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் தப்பு செய்வாள், ஊர் சிரிக்கும், நாம் கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம்.

இரண்டாம் தொடக்கம்:

'குன்றின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை—'

மன்னிக்கவும். பள்ளிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கை இது. கவனிக்காமல் விட்டால் தானாக எழுதிவிடும்.

மூன்றாவதாக ஒரு யோசனை வந்தது. ஆராய்ச்சி செய்கிறவள் பூவாயியின் மகளாகவே இருந்துவிட்டால்?

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

3

திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் ஓர் ஊர். [பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தோடு குடும்பமாக வந்து நிற்பீர்கள்.] ஊருக்குப் பின்னால் பாறையும் முள்ளுமாக ஒரு குன்று. குன்றில் ஒரு குரங்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் பின்னால் மூன்று வருடமாக அலைகிறவள் பூவாயியின் மகள் விஜயகுமாரி. அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள். காட்டுயிர் படிப்பு படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். மனிதர் பக்கத்தில் வாழ்கிற நாட்டுக்குரங்குகள் எதைத் தின்கின்றன, யாரோடு சேர்கின்றன, எப்படிப் பிழைக்கின்றன என்பது அவள் கேள்வி.

இந்த வேலையின் முதல் பாடம் விநோதமானது. நாம் குரங்கைப் பார்ப்பதற்கு முன்னால், குரங்கு நம்மைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போக வேண்டும். அதற்குப் பழக்கப்படுத்துதல் என்று பெயர். தினமும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும். விஜயகுமாரியிடம் வெளுத்த காட்டுப்பச்சையில் ஒன்றுபோல முழுக்கைச் சட்டைகள் இருந்தன. குரங்கின் கண்ணுக்குள் பார்க்கக் கூடாது. பார்த்தால் சண்டைக்கு இழுப்பதாக அர்த்தம். அதன் எதிரில் எதையும் தின்னக் கூடாது. கத்தக் கூடாது, கை வீசக் கூடாது. பாறைமாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க அவள் பார்த்தது ஓடுகிற குரங்குகளின் பின்புறத்தைத்தான். இரண்டாம் வருடம் அவை ஓடுவதை நிறுத்தின. மூன்றாம் வருடம் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கின.

பேராசிரியர் நரசிம்மன் ஒவ்வொரு குரங்குக்கும் எண் கொடுக்கச் சொல்லியிருந்தார். எண்ணும் கொடுத்தாள். ஆனால் மனதுக்குள் கூட்டத்தின் மூத்த பெண் குரங்குக்குப் பெயர் தழும்பி. வலது புருவத்துக்கு மேலே பழைய காயத்தின் கோடு ஒன்று உண்டு.*

வீட்டில் பூவாயி மாப்பிள்ளை பேச்சை எடுக்கும்போதெல்லாம் விஜயகுமாரி குரங்கைத் துணைக்கு அழைப்பாள். இந்த இனத்தில் பெண்கள் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதே இல்லை, ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும் என்பாள்.

"அதான் அதுங்க ஆத்தாக்காரிங்க மூஞ்சி எப்பப் பாரு அப்டி கீது" என்றார் பூவாயி.

* எண் வைப்பது அறிவியல், பெயர் வைப்பது பாசம் என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் எங்களை வரிசை எண்ணால்தான் கூப்பிடுவார். அது என்ன அறிவியலோ.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு விலங்கென்றால் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருக்கழுக்குன்றத்தில் கழுகுகள் வருவது நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்னும் மலையேறுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்கள். உலகத்தில் பாவம் கூடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள். வேடந்தாங்கலைச் சுற்றியிருப்பவர்கள் பறவை பயந்துவிடுமென்று பண்டிகைக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். குரங்கின் எச்சத்துக்கு அந்த யோகம் இல்லை. ஆக, வராத கழுகு தெய்வம், வந்து போகிற பறவை விருந்தாளி, கூடவே இருக்கிற குரங்கு பஞ்சாயத்துத் தீர்மானம்.

தீர்மானம் அப்படித்தான் வந்தது. சாலையை அகலமாக்கப் புளியமரங்களை வெட்டினார்கள். மரத்தில் தின்றுகொண்டிருந்த கூட்டம் வேர்க்கடலை விளைகிற கொல்லைக்கு இறங்கியது. கூரை ஓட்டைப் பிரித்தது, கடையில் பன்னைப் பறித்தது, ஒரு குழந்தையின் கையைக் கீறியது. ஊர் கூடிப் பேசி, கூட்டத்தையே பிடித்து வேறு காட்டில் விடுவதற்கு அனுமதியும் வாங்கிவிட்டது. பிடிக்க வந்தவர் செங்கல்பட்டு ஸ்டான்லி. ஒரு மினி லாரி, அதன் மேல் கூண்டுகள்.

விஜயகுமாரி ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினாள். போன வருடம் பக்கத்துக் குன்றின் குரங்குகளையும் இப்படித்தான் கொண்டுபோய்விட்டார்கள், நான் போய்ப் பார்த்தேன் என்றாள். காட்டில் அவற்றைக் காணவில்லை. நெடுஞ்சாலை டீக்கடை ஒன்றின் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு இருந்தன. மற்றவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தாய் ஒரு கூண்டிலும் குட்டி வெளியிலுமாகப் பிரிந்துபோனவை எத்தனையோ. ஊர் பொறுமையாகக் கேட்டது. வார்டு உறுப்பினர் சரவணகுமார், நீ நம்ம வூட்டுப் பொண்ணு, அதால கேட்டோம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்.

ஆனால் ஸ்டான்லியால் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதுமே கூட்டம் பாறை உச்சிக்குப் போய்விடும். கூண்டுக்குள் வைத்த வாழைப்பழம் கறுத்து, எறும்பு தின்றது. விஜயகுமாரிக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்கும்தான். கதை இப்படியே ஜெயித்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

5

பேராசிரியரைப் பார்க்க விஜயகுமாரி சென்னைக்குப் போன நேரத்தில், பூவாயி வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு பொம்மை நட்டார். குறுக்கே கட்டிய இரண்டு கழி, தலைக்குச் சட்டி, உள்ளே வைக்கோல். உடுப்புக்குக் கொடியில் கிடந்ததை உருவினார். கை கிழிந்துபோனதால் விஜயகுமாரி ஒதுக்கி வைத்திருந்த காட்டுப்பச்சைச் சட்டை அது.

அவள் திரும்பி வந்து பேருந்தை விட்டு இறங்கியபோது ஊரே கொல்லைப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

குரங்குகள் பொம்மையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவசரமே இல்லை. செடியைப் பிடுங்குவதும் மண்ணை உதறுவதும் காயை உரிப்பதுமாக, பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி. ஒரு குட்டி பொம்மையின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. தழும்பி பொம்மையின் கையைப் பிடித்து, கிழிசல் வழியே நீட்டிக்கொண்டிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக விலக்கி விலக்கிப் பேன் பார்த்தது. கொல்லையில் வேர் மண்ணுக்குள் இருந்த செடி ஒன்றுகூட மிச்சமில்லை.

மற்ற கொல்லைகளில் ஆள் தலை தெரிந்தால் ஓடுகிற கூட்டம் இது. இங்கேதான் காவலுக்கு, அதே சட்டையில், அவள் நிற்கிறாளே.

விஜயகுமாரிக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பழக்கப்படுத்துதல் முழு வெற்றி என்று ஆய்வேட்டில் எழுத இதைவிடச் சான்று உலகத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது. அந்தச் சான்று தன் அம்மாவின் ஒரு போக விளைச்சலைத் தின்றுகொண்டிருந்தது.

"வேற துணியே கிடைக்கலையாம்மா? அப்பா சட்டைய மாட்டியிருக்கலாமே."

"உங்கப்பன் சட்டைய பாத்து நானே பயந்ததில்ல. குரங்கா பயப்படப் போவுது?" வரப்பில் நின்ற பூவாயி கழியை ஓங்கக்கூட இல்லை. "உன் சட்டைய மாட்னா கோயில் சோத்துக்கு வந்த மாதிரி குந்திகினு துன்னுதுங்க. இன்னாடி சொல்லிக் குடுத்து வச்சிருக்க அதுங்களுக்கு?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ படமெடுத்தார்கள். மறுநாள் காலை கல்பாக்கம் போகிற பேருந்தில் பாதிப்பேர் கையில் அந்தப் படம் ஓடியது. அன்று கொல்லைப் பக்கம் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள், சாலையோரம் வண்டியை நிறுத்தியிருந்த ஸ்டான்லி.

[இந்தக் காட்சியை எழுதிவிட்டு நானும் வெகுநேரம் சிரித்தேன். ஆராய்ச்சியைக் கிழிக்கத்தானே உட்கார்ந்தேன், தானாகவே கிழிந்துவிட்டது. அப்புறம் பூவாயியின் கொல்லையும் அதோடு சேர்ந்து போனது உறைத்தது. அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா என்று பார்த்தேன். வேறு மாதிரி நடக்காது. வீட்டில் தூக்கிப் போட மனம் வராத பழைய துணி என்றால் எங்கள் அம்மாக்கள் இதைத்தான் செய்வார்கள்.]

6

அன்று சாயங்காலமே ஸ்டான்லி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூவாயி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், அந்த சட்டையில ஒண்ணு குடுங்க."

முடியாது என்றாள் விஜயகுமாரி.

"நீங்க குடுக்கலன்னா இன்னா? செங்கல்பட்டு துணிக்கடையில அந்த கலரு கிடைக்காதா?" குரலை உயர்த்தவே இல்லை அவர். "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. நானு போட்டுகினு போனா ஏறுனது ஏறும், நின்னது நிக்கும். ஆத்தா ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம். நீங்க வந்து கூண்டாண்ட குந்தினீங்கன்னா மொத்த குடும்பமும் ஒண்ணா வரும். ஒரு அடி படாது. அதுங்களுக்காகத்தான் கேக்குறேன்."

மறுநாள் வெயில் ஏறுமுன் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விஜயகுமாரி பேராசிரியருக்கு ஃபோன் செய்தாள். சட்டை, பொம்மை, கூண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் நரசிம்மனின் குரல் மலர்வது இந்தப் பக்கம் கேட்டது. இடம் மாற்றுவதற்கு முன்னால் மூன்று வருடத் தரவு நம்மிடம் இருக்கிறது, மாற்றிய பிறகும் பின்தொடர்ந்தால் இந்த இனத்தில் இப்படி ஓர் ஒப்பீடு யாரிடமும் இருக்காது, அருமையான கட்டுரை என்றார். கடைசியாக, ஓர் ஆய்வாளர் எதிலும் தலையிடக் கூடாது, பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும் என்று நினைவூட்டினார்.

தலையிடக் கூடாதாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடம் நாளெல்லாம் ஒரு கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்து, மனித வாடையைக் கண்டு அஞ்சும் புத்தியை அதன் தலையிலிருந்து துடைத்து எடுத்தாயிற்று. இதற்குமேல் தலையிட என்ன மிச்சமிருக்கிறது?

அம்மாவிடம் போனாள். நீ பஞ்சாயத்தில் சொன்னால் கொஞ்ச நாள் தள்ளிப் போடுவார்கள், கொல்லை போனவள் நீ, நீ சொன்னால் எடுபடும் என்று கெஞ்சினாள்.

[இந்த இடத்தில் பூவாயி, அதுங்களும் உசுருதான என்று சொல்வதாக எழுதினேன். கண்ணில் லேசாக ஈரமும் வைத்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தபோது மாமல்லபுரத்து விடுதியில் பலமாகக் கைதட்டல் கேட்டது. அழித்துவிட்டேன். கீழே இருப்பதுதான் அவர் சொன்னது.]

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? எனக்கு ஒரு பக்கம் நீயி, ஒரு பக்கம் அதுங்க. நடுவுல என் கொல்ல காலி. கூண்டுல ஏத்துனா ஏத்தட்டும். வோணாம்னா, மூணு வருசம் குந்திகினு பழக்குனவ நீதான? போயி நீயே தொரத்து."

எரிச்சலில் சொன்ன சொல். சொல்லிவிட்டு உள்ளே போய் உலை வைத்தார். ஆனால் விஜயகுமாரி வாசலிலேயே நின்றுவிட்டாள். கூட்டம் அந்தச் சட்டையைக் கண்டால் ஓட வேண்டும். ஓடினால் ஸ்டான்லியின் கையில் சிக்காது; கொல்லைக்கும் இறங்கத் தயங்கும். அதற்கு அந்தச் சட்டை ஒரு முறை அவற்றுக்குத் துரோகம் செய்தால் போதும். செய்த பிறகு அவள் குன்றில் கால் வைக்க முடியாது. ஆய்வேடு பாதியில் நிற்கும். நரசிம்மன் இன்னோர் ஆளை இன்னொரு குன்றுக்கு அனுப்பிக்கொள்வார்.

7

முடிவுகள். எல்லாம் முயன்று பார்த்தவை.

முதல் முடிவு: ஊர் மனம் மாறுகிறது. சரவணகுமார் வெட்டிய புளிக்குப் பதிலாகப் புளியங்கன்று நடுகிறார். ஸ்டான்லி கூண்டைக் கோழி வளர்க்கக் கொடுத்துவிடுகிறார். விஜயகுமாரி முனைவர் விஜயகுமாரி ஆகிறாள். எழுதி முடித்துவிட்டு அவமானமாக இருந்ததால் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் முடிவு: அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரியில் ஏறுகிறாள். குரங்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஏறுகின்றன. கதவு மூடுகிறது. வண்டி சூரியனை நோக்கி— பாருங்கள், அந்தப் பள்ளிக்கூடக் கை மறுபடி வந்துவிட்டது. இது இலக்கியவாதிகளுக்குப் பிடிக்கும். அழகான சோகம், படித்துவிட்டு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாம் முடிவு: அவள் போகவே இல்லை. போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறாள், நடப்பது நடக்கட்டும். இதுதான் எல்லாவற்றிலும் நம்பக்கூடியது. நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான். அதனாலேயே எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

மிச்சமிருப்பது ஒன்று. எட்டில் இருக்கிறது. அதையும் முழுசாக எழுதவில்லை.

8

விடிந்ததும் விஜயகுமாரி இருப்பதில் நல்ல காட்டுப்பச்சைச் சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு குன்றுக்குப் போனாள். கூட்டம் அப்போதுதான் பாறைகளில் இறங்கி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்து எதுவும் நகரவில்லை. இரண்டு குட்டிகள் அவள் காலடி வழியாகவே துரத்திப் பிடித்து விளையாடின.

அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். ஊரில் வேறு யார் குனிந்தாலும் சிதறி ஓடும் கூட்டம். இவள் குனிந்ததை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தழும்பியைக் குறி வைத்து, அதன் மேல் படக் கூடாதென்று கொஞ்சம் தள்ளி, பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தாள். கல் பாறையில் பட்டுத் தெறித்தது. கூடவே அவள் கத்தினாள். அந்தக் குன்றில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

குரங்குகள் ஓடவில்லை.

தழும்பி எழுந்து, கல் விழுந்த திசையைப் பார்த்துத் திரும்பி, வாயைப் பிளந்து பல்லைக் காட்டியது. இளசுகள் இரண்டு அதன் தோளோடு தோள் சேர்ந்து அதே பக்கம் பார்த்து உறுமின. குட்டி வைத்திருந்த தாய் ஒன்று வெடுக்கென்று ஓடிவந்தது. ஓடிவந்து விஜயகுமாரியின் கணுக்காலை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. கூட்டாளி யாரையாவது எதிர்த்தால் காரணம் கேட்காமல் கூடச் சேர்ந்து எதிர்ப்பது இந்த இனத்தின் வழக்கம். ஆய்வேட்டில் அதற்கு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறாள். அவள் இவ்வளவு கோபப்படுகிறாள் என்றால் அந்தப் பாறைக்குப் பின்னால் எதிரி இருக்கிறான். குரங்குகளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆக, தள்ளி விழுகிற கல்லால் பிரயோசனம் இல்லை. பட வேண்டும். தழும்பி மேலேயே பட வேண்டும். மூத்தது அலறினால்தான் மற்றவை நம்பும். அலறும்போது அது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இடம் தவறிப் பட்டால் தழும்பி பிழைக்காது. படாவிட்டால் கூட்டம் பிழைக்காது. சாலை வளைவில் ஸ்டான்லியின் வண்டி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டுவிட்டது.

இரண்டாவது கல்லை எடுத்துவிட்டாள்.

நான் இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். யாரையோ கிழிக்க உட்கார்ந்தவள் நான். முதல் கல்லை எழுதவே என்னிடம் இருந்த கோபம் மொத்தமும் செலவாகிவிட்டது. இரண்டாவதுக்கு மிச்சமில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் ஓரமாக உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல், பார்த்துக்கொண்டே வந்தவர்தானே. எறியட்டுமா, கீழே போட்டுவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்காரட்டுமா, நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். தழும்பி இன்னும் அவளுக்காகத்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.